சங்கிலி இல்லாத யானை

காடு பார்க்கப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் காடு பார்க்கப் போவதில்லை, புளிச்சோறு தின்னப் போகிறார்கள். வீட்டிலேயே உட்கார்ந்து தின்று தொலைக்கலாம். ஆனால் அருவிக்குப் பக்கத்தில், குரங்குகள் வேடிக்கை பார்க்க, எண்ணெய் வழியும் கையோடு தின்றால்தான் அவர்களுக்குச் சோறு இறங்கும். தின்று முடித்துவிட்டுக் கையைப் பாறையில் தேய்ப்பார்கள். முதலில் இதையெல்லாம் பார்த்துக் கோபப்பட்டேன். கோபம் வந்த இடத்தில் இப்போது குமட்டல்தான் வருகிறது.

நான் ஊர் சுற்றுகிறவள் இல்லை. துடியலூரில் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கடையில் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள். முகூர்த்த மாதங்களில் தலை நிமிர நேரமிருக்காது. மற்ற மாதங்களில் தலை நிமிர்ந்து என்ன செய்வது என்று தெரியாது. அப்படிப்பட்டவளைக் காடு, அணை, பழைய கோயில் என்று ஒரு வருஷத்துக்கு மேல் அலைய வைத்தது அக்காவின் கண்.

அக்காவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவாள். மைசூர்பாகையும் அதே ஒழுங்கோடு சாப்பிடுவாள். ஒருநாள் அரிசியில் கல் பொறுக்கும்போது, தட்டின் நடுவில் ஒரு கறுப்பு நிற்கிறது, எங்கே பார்த்தாலும் கூடவே வருகிறது என்றாள். கண் மருத்துவர் வயதில் சின்னவர், பொறுமையானவர். விழித்திரை கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிட்டு, "போன பார்வையத் திருப்பிக் கொண்டுவர முடியாதுங்க. இருக்கறதக் காப்பாத்த ஊசி போட்டுப் பாக்கலாம். ஏதாச்சும் பாக்கணும்னு ஆசை இருந்தாத் தள்ளிப் போடாதீங்கம்மா" என்றார்.

வெளியே வந்ததும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுவதை அக்கா பார்த்துவிடக் கூடாது என்று. அக்காவோ காபி வேண்டும் என்றாள். சர்க்கரை போட்ட காபி. ஒரு வாய் குடித்துவிட்டு, "யானை பாக்கோணும் அம்மணி" என்றாள்.

"கோயிலுக்குப் போலாங்க்கா."

"கோயில் யானை வேண்டாம். அது காசு வாங்கிட்டுத் தலையில தட்டும். சங்கிலி இல்லாத யானை. அது பாட்டுக்கு நிக்கோணும், நா பாட்டுக்குப் பாக்கோணும்."

இதில் சிரிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நாங்கள் இருவரும் வெள்ளகோவில் பக்கம் பிறந்தவர்கள். அங்கே யானை சர்க்கஸோடு வந்தால்தான் உண்டு. ஆனால் அக்கா வாக்கப்பட்டு வந்தது துடியலூருக்கு மேற்கே, மலையடிவாரத்துத் தோட்டத்துக்கு. அந்தப் பக்கத்தில் யானை பார்க்காத ஆளே கிடையாது. வாழையை முறிக்கும், தண்ணீர்த் தொட்டியில் குடிக்கும், மாட்டுத் தீவனத்தை அள்ளும். பால் ஊற்றுகிறவர் பார்த்திருக்கிறார், கரண்ட் கணக்கெடுக்கிறவர் பார்த்திருக்கிறார். அக்கா மட்டும் பார்த்ததில்லை. யானையை விரட்டும் பட்டாசுச் சத்தம் கேட்டு எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே ஓடினால், முறிந்த வாழையும் சாய்ந்த வேலியும்தான் நிற்கும். "கல்யாணமாகி வந்ததுலருந்து நா பாத்தது அதோட சாணியத்தான்" என்பாள்.

மச்சான், அதாவது அக்காவின் கணவர், நல்ல மனுஷன். அந்த நல்லதனத்தின் பாரம்தான் தாங்காது. அக்காவுக்கு யானை காட்ட வேண்டும் என்றதும், இரண்டு பேரோ மூன்று பேரோ சத்தமில்லாமல் போய்வரலாம் என்று நான் நினைத்தேன். அவர் ஒரு வேன் பேசினார். சம்பந்தி வீட்டைக் கூப்பிடாவிட்டால் மரியாதை இல்லையாம். சம்பந்தி வந்தால் அவர்களின் பங்காளிகள் வர வேண்டுமாம். விடிவதற்குள் புளிச்சோறு ஒரு அண்டா, தயிர்ச்சோறு ஒரு அண்டா, அவித்த முட்டை, சுண்டல், ஊறுகாய் எல்லாம் ஏறின. யானைக்கே விருந்து வைக்கப் போகிறோமோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

எல்லாமே கிளிப்பச்சைப் பைகளில் ஏறின. அந்தப் பைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தின வருஷம் அக்காவின் இளைய மகள் கல்யாணம். வந்தவர்களுக்குத் தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டுக் கொடுக்கத் தாம்பூலப் பை அடித்தார்கள். பச்சையைத் தேர்ந்தெடுத்தது அக்கா. அதில் அரக்கு நிறத்தில் பிள்ளையார் படம். பை பத்தாமல் போனால் மானம் போய்விடும் என்று மச்சான் தாராளமாக அடித்துவிட்டார். மிஞ்சியவை மூட்டை மூட்டையாக மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. அன்றிலிருந்து அந்த வீட்டில் கீரை, செருப்பு, மாத்திரை, குப்பை எல்லாமே பச்சைப் பையில்தான். எங்கள் சனங்கள் அதைத் துணிப்பை என்றே நம்புகிறார்கள். நான் நாளெல்லாம் துணியில் கிடக்கிறவள். ஓரத்தை இழுத்தேன், நூல் வரவில்லை. தீக்குச்சி வைத்தேன், எரியாமல் உருகிச் சொட்டியது. இது பிளாஸ்டிக்தான் என்று அப்போதே சொன்னேன். "நல்ல காரியத்துல தீக்குச்சி கிழிக்காத அம்மணி" என்று மச்சான் என்னை அதட்டினார்.

பொள்ளாச்சி தாண்டி மலையேறினால் வரும் புலிகள் காப்பகத்துக்குத்தான் முதலில் போனோம். சோதனைச் சாவடியில் தண்ணீர் பாட்டில்களையும் சிப்ஸ் பொட்டலங்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பச்சைப் பைகளைக் காட்டி மச்சான், "இதெல்லாந் துணிப்பைங்க. நாங்க பிளாஸ்டிக்கே தொடறதில்லீங்" என்றார். மனதாரச் சொன்னார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. எங்களைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

மேலே போனதும் காட்டுக்குள் கூட்டிப்போகும் பேருந்தில் ஏறினோம். அக்காவுக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தேன். நேராகப் பார்த்தால் அவளுக்கு நடுவில் கறுப்பு நிற்கும். அதனால் முகத்தைச் சற்றுத் திருப்பி, கடைக்கண்ணால் பார்க்கப் பழகியிருந்தாள். அன்றைக்கு அவள் தலைநிறையப் பூ வைத்திருந்தாள். ஜன்னல் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, தயாராக உட்கார்ந்தாள்.

பின் இருக்கையில் ஒரு கும்பல். வளர்ந்த ஆட்கள், வீட்டில் பெண்டாட்டி பிள்ளை இருக்கிற ஆட்கள். வாயில் பாக்கு, கையில் போன், போனில் பாட்டு. அதில் ஒருவன், வண்டி கிளம்பிச் சற்று நேரத்தில், "அய்யோ யானை, யானை!" என்று கத்தினான். எல்லோரும் எழுந்தார்கள். ஒன்றும் இல்லை. சிரித்தார்கள். கொஞ்ச தூரத்தில் மறுபடி கத்தினான். மறுபடி சிரித்தார்கள். மூன்றாவது தடவை யாரும் திரும்பவில்லை, அக்காவைத் தவிர. அவன் கத்தும்போதெல்லாம் அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்து, முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பித் தேடினாள். "எங்கீங்க? எந்தப் பக்கங்க?" என்று அவனிடமே கேட்டாள். அவன் கூசாமல், "அதோ, மரத்துக்குப் பின்னாலீங்கம்மா" என்றான்.

நான் எழுந்து போய் அவனைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பேருந்தே அடங்கியது. ஆனால் அவன் போனில் பாட்டு நிற்கவில்லை. வெளியே இருந்த காடு அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது. யானைக்கு மூளை இருக்கிறது, அது ஏன் வரப்போகிறது?

முகாமில் வளர்ப்பு யானைகளைக் காட்டினார்கள். ராகிக் களி உருண்டை வாங்கித் தின்றுகொண்டு நின்றன. எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள். அக்கா கிட்டே போய், குனிந்து, ஒன்றின் காலை உற்றுப் பார்த்தாள். "சங்கிலி இருக்குது பாரு" என்று சொல்லித் திரும்பி நடந்தாள்.

பிறகு சாப்பாடு. சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் காட்டுப்பன்றிகள் குட்டிகளோடு எச்சில் தட்டுகளை நக்கிக்கொண்டிருந்தன. ஒன்றின் மூக்கில் சாம்பார் காய்ந்து ஒட்டியிருந்தது. சம்பந்தி வீட்டு அம்மா, "வாயில்லாச் சீவனுங்க, பாவம்" என்று முட்டையை உருட்டிவிட்டார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டீங்களா என்று கேட்க வேண்டும். ஆளாக இருந்தாலும் சரி, பன்றியாக இருந்தாலும் சரி. ஒரு குரங்கு சிப்ஸ் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு, பொட்டலத்தின் உட்புறத்தை நக்கியது. மரத்தடியில் பாட்டில் சில்லு. கழிப்பறை வாசலில் ஈரம், குழந்தைகளின் டயாப்பர், அதன்மேல் ஈ. அங்கே போய்விட்டு வந்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மச்சான் மட்டும் சும்மா இருக்கவில்லை. எங்கள் தட்டு, எங்கள் இலை, மிச்சச் சோறு எல்லாவற்றையும் பச்சைப் பைகளில் அள்ளிக் கட்டினார். பக்கத்தில் யாரோ போட்டுவிட்டுப் போனதையும் சேர்த்து அள்ளினார். "காட்ட அசிங்கம் பண்ணப்படாதுங்க. நம்ம குப்பைய நாமதான் ஊட்டுக்குக் கொண்டு போகோணும்" என்றார். அன்று முழுக்க நான் மதிப்போடு பார்த்த ஒரே ஆள் அவர்தான். வேனில் அந்த மூட்டை என் காலடியில் வந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் தயிர்ச்சோறு கசிந்து என் செருப்பில் இறங்கியது. புளித்த வாடையில் வாயைப் பொத்திக்கொண்டு துடியலூர் வரை வந்தேன். மறுநாள் காலையில் குப்பை வண்டி வந்து மூட்டைகளை வாங்கிப் போனது. கைகழுவி விட்டோம்.

அடுத்த தடவை வேன் கிடையாது என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். மச்சானின் காரில் மூன்று பேர் மட்டும் போனோம். தாராபுரத்தில் ஒரு துக்கம் விசாரித்துவிட்டு, அப்படியே அமராவதி அணைப் பக்கம். அந்தக் காட்டு ரோட்டில் யானை குறுக்கே வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வந்தது, எங்களுக்கு முன்னால் போன காருக்கு. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஏழெட்டு வண்டிகள் நின்று, கதவைத் திறந்து இறங்கி, விசிலடித்து, அதை உள்ளே விரட்டியிருந்தார்கள். ரோட்டில் சாணி ஆவி பறந்துகொண்டிருந்தது. "இது எனக்குப் பழக்கப்பட்டதுதா" என்றாள் அக்கா.

முதலைப் பண்ணைக்கும் போனோம். அசையாமல் கிடந்த முதலைகளின் மேல் ஆட்கள் கல் எறிந்துகொண்டிருந்தார்கள், உயிர் இருக்கிறதா என்று பார்க்க. ஒரு முதலையின் முதுகில் நசுங்கிய ஜூஸ் டப்பா உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. வழியில் ஒரு பழைய கல் கோயில் இருந்தது, அங்கே போய் உட்காரலாம் என்றேன். அங்கேயாவது கல் மட்டும் இருக்கும் என்று நினைத்தேன்.

தூண்களில் நல்ல சிற்பங்கள். நடனமாடும் பெண், யாளி, கீழே வரிசையாகச் சின்ன யானைகள். அக்காவுக்கு அந்த நிழலில் ஒன்றும் தெரியவில்லை. "எங்கயிருக்குது? கையப் புடிச்சு வை" என்றாள். அவள் விரல்களை எடுத்து யானையின் தும்பிக்கை மேல் வைத்தேன். அவள் மெதுவாகத் தடவி, காதுக்குப் போய், அங்கேயே நின்றாள். கையை எடுத்து முகர்ந்தாள். வெற்றிலை போட்டவன் மிச்சச் சுண்ணாம்பைத் தூணில் தேய்த்திருந்தான். அதன்மேல் குங்குமம், அதன்மேல் விளக்கெண்ணெய், அதன்மேல் தூசு. எல்லாம் சேர்ந்து பசையாக அவள் விரலிடுக்கில் ஒட்டியிருந்தது. நடனப் பெண்ணின் இடுப்பில் எவனோ தன் பெயரையும் காதலியின் பெயரையும் ஆணியால் கீறியிருந்தான். கும்பிட வந்தவர்கள் செய்த அசிங்கம் இது. கும்பிடாதவன் வந்தால் இவ்வளவு செய்திருக்க மாட்டான்.

அக்கா விரலைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "யானையத் தொட்டுப்போட்டேன், பாக்கறதுதா பாக்கி." நான் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு இன்னும் சில இடங்கள். ஊட்டிக்குப் போகும் காட்டு ரோட்டில் மானுக்கு முறுக்கு எறிந்த குடும்பத்தோடு நான் சண்டை போட்டேன். அருவி ஒன்றில் ஷாம்பு நுரைக்கு நடுவே உள்ளாடை ஒன்று மிதந்து வந்து என் காலைச் சுற்றியது. வீட்டுக்கு வந்து காலை எத்தனை தடவை கழுவியும் அந்தப் பிசுபிசுப்பு போகவில்லை. ஒவ்வொரு தடவையும் மச்சான் குப்பையைப் பச்சைப் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு தடவையும் அக்காவுக்குக் கறுப்பு கொஞ்சம் பெரிதாகியிருந்தது. கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொண்டு வந்து, கட்டோடு உட்கார்ந்து, "அடுத்து எங்க?" என்று கேட்பாள். பேத்தியின் முகம் தெரியவில்லை, குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறாள் என்று மச்சான் என்னிடம் தனியாகச் சொன்னார். "போதும் அம்மணி. உனக்கும் அலைச்சல், அவளுக்கும் அலைச்சல்." எனக்கு அவர்மேல் எரிச்சல் வந்தது. யானை என்ன, சொர்க்கத்திலா இருக்கிறது?

யானை பக்கத்திலேயேதான் இருந்தது. ஒரு காலையில் பால் ஊற்றுகிறவர் மச்சானுக்குப் போன் செய்தார். மலையடிவாரத்துக் குப்பைமேட்டில் ஒற்றைக் கொம்பன் நிற்கிறது, இன்னும் போகவில்லை. மச்சான் என்னைக் கடை வாசலில் ஏற்றிக்கொண்டார். அக்கா முன் இருக்கையில், தலை வாராமல், வீட்டுச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை பூ இல்லை. "மெதுவா ஓட்டுங்க, சத்தம் கேட்டா ஓடீரும்" என்று அவரிடம் கெஞ்சிக்கொண்டே வந்தாள்.

எங்கள் பக்கத்துக் குப்பை எங்கே போகிறது என்று நான் யோசித்ததே இல்லை. வண்டி வரும், வாங்கும், போகும். அது இங்கேதான் வந்திருக்கிறது. காட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில், வேலிகூட இல்லாமல், ஒரு மேடு. கார்க் கதவைத் திறந்ததும் நாற்றம் தொண்டைக்குள் இறங்கியது. அழுகிய கோழிக் கழிவு, புகைந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று, பெண்கள் ஒதுக்கிய பஞ்சு, மருந்து பாட்டில். காகங்கள், நாய்கள். அவற்றுக்கு நடுவே, வெயில் இன்னும் சுடாத அந்த வெளிச்சத்தில், யானை நின்றது. பெரிய யானை. உடம்பில் காட்டுச் செம்மண் பூசியிருந்தது. காதை ஆட்டிக்கொண்டு, யாரையும் சட்டை செய்யாமல் அது பாட்டுக்கு நின்றது.

கொஞ்சம் தள்ளி இரண்டு வனக் காவலர்கள் யாரும் கிட்டே வராமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு இல்லை, விசில் இல்லை. அந்த நாற்றத்தில் வேறு யாரும் நிற்கத் தயாராக இல்லை. நாங்கள் ரோட்டோரமாகவே நின்றோம். அக்கா முகத்தைச் சற்றுத் திருப்பி, கடைக்கண்ணால் தேடினாள். தேடிக்கொண்டே இருந்தவள் என் கையைப் பிடித்து நெரித்தாள்.

"தெரியுது அம்மணி. காது ஆடுது. அய்யோ, எத்தாப் பெருசு! கால்ல ஒண்ணுமில்ல பாரு."

"ஆமாங்க்கா. சங்கிலி இல்ல."

யானை தும்பிக்கையைக் குப்பைக்குள் விட்டுத் துழாவியது. ஒரு பையை எடுத்தது. கிளிப்பச்சைப் பை. அரக்குப் பிள்ளையார் வெயிலில் நன்றாகத் தெரிந்தார். அது மச்சான் முடிந்த முடிச்சா, கல்யாணத்துக்கு வந்த வேறு யார் வீட்டு முடிச்சா, எனக்குத் தெரியாது. எங்கள் பை, அவ்வளவுதான். யானை அதைக் காலில் தட்டியது. பை கிழியவில்லை. ஓரத்தில் சோறு வழிந்தது. இரண்டாம் தடவை தட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே சுருட்டி, சோற்றோடும் பையோடும் வாய்க்குள் வைத்துக்கொண்டது. மென்றது. பச்சை, வாயோரத்தில் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு உள்ளே போனது. நான் மச்சானைப் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"என்னமோ திங்குது" என்றாள் அக்கா. "பச்சையாத் தெரியுது. தழையா அம்மணி?"

அந்த நாற்றத்தில் வாயைத் திறந்தாலே வாந்தி வந்துவிடும் போலிருந்தது. ஆனாலும் திறந்தேன்.

"ஆமாங்க்கா. தழைதான்."

"நல்லா வயிறாரத் திங்கட்டும்" என்று அக்கா இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

இப்போது அவளுக்கு வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரிகிறது. வருகிறவர்களிடமெல்லாம் யானை பார்த்த கதையைச் சொல்கிறாள். காது ஆடியதையும், கால் வெறுமையாக இருந்ததையும், பச்சைத் தழையை ஆசையாகத் தின்றதையும். நாற்றத்தைப் பற்றி மட்டும் அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதை நான் கேட்டதும் இல்லை. தழை வரும் இடத்தில் மச்சான் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். பச்சைப் பை மூட்டைகள் இன்னும் மாடிப்படிக்குக் கீழேதான் கிடக்கின்றன. எரித்தால் உருகி நாறும். புதைத்தால் மக்காது. வண்டியில் போட்டால் எங்கே போகும் என்று எங்களுக்குத் தெரியும்.